பாடியவர்: இன்பாஸ்

சத்தம் மெதுவாகத்தான் போகும் சேர். பலர் அதைக் கவனிப்பதில்லை. மைதானத்தின் மறுமுனையில் ஒருவர் பந்தை அடித்தால், அடி முதலில் கண்ணுக்குத் தெரியும்; சத்தம் பிறகுதான் வரும். பாட்டுக் காட்சி எடுக்கும்போதும் இதே தொல்லை. ஸ்பீக்கர் கெமராவுக்குப் பக்கத்திலும் நடிகர் மலைச்சரிவிலும் இருந்தால் பாட்டுக்கு உதடசைவு பிந்திவிடும். அதனால் ஸ்பீக்கரை நடிகரின் காலடியிலேயே வைக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது நான். நான் சொல்ல வந்த விஷயமும் இங்கேதான் தொடங்குகிறது.

பதுளையில் கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வாசிக்கிற குழு நாங்கள். நான் கீபோர்ட், இன்பாஸ் பாடகன், புவனேந்திரன் கிட்டார். கெமரா வைத்திருந்த தனுஜா இயக்க, நாங்களே நடித்து ஒரு சிரிப்புப் படம் எடுத்தோம். உயர்தர வகுப்புக்குப் புதிதாக வருகிற ஒரு மக்குப் பையனை, அந்தப் பள்ளிக்கூடமே கொண்டாடும் பாட்டுக்காரன் என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். மக்குப் பையன் புவனேந்திரன், பாட்டுக்காரன் இன்பாஸ். கதை என்னுடையது.

ஆள்மாறாட்டத்துக்கு முகம் ஒத்திருக்கத் தேவையில்லை. உயரம் ஒன்றாக இருக்க வேண்டும், வெள்ளைச் சீருடை வேண்டும், முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மீதியைப் பார்க்கிறவரே நிரப்பிக்கொள்வார். இரண்டு பேரையும் ஒரே சலூனில் உட்காரவைத்து முடி வெட்டவைத்ததும் நான்தான்.

பாட்டுக்கு முதலில் ஒருவர் மாதிரி பாடிப் பதிவார். அதை ட்ராக் என்போம். பாடகர் பாடியதும் அழித்துவிடுவோம். நான் ட்ராக் பாடினேன். இன்பாஸுக்கு மேல்சுருதி எட்டவில்லை. பல தடவை முயன்றான். கடைசியில் என் ட்ராக்கையே வைத்துக்கொண்டோம்.

"மச்சான், பாடினது நீன்னு இப்ப சொன்னா என்னை ஒருத்தனும் கச்சேரிக்குக் கூப்பிட மாட்டான். படம் ஓடட்டும், பொறகு சொல்லுவோம்," என்றான்.

சரி என்றேன். போஸ்டர் வந்தது. பாடியவர்: இன்பாஸ். உண்மை தெரியாத தனுஜா அதைத் தூக்கிப் பிடித்து, "ரஜீவ் அண்ணே, நீங்களும் ஒரு நாளைக்குப் பாடிப் பாருங்களேன், கழுதையாவது திரும்பிப் பார்க்கும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இன்பாஸும் சிரித்தான்.

மடுல்சீமைப் பக்கம், விடுமுறைக்குப் பூட்டியிருந்த ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படப்பிடிப்பு. மேலே தேயிலைச் சரிவில் ஒரு யூகலிப்டஸ் மரம். உச்சிக் கிளையில் குளவிக்கூடு. கொழுந்து எடுக்கிறவர்கள் கிட்டப் போகாமலிருக்க அடிமரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். நானும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். அந்தத் துணிக்கு அர்த்தம் தெரியும். குளவிக்குப் பாட்டு முக்கியமில்லை சேர், அதிர்வுதான். டிரம்மின் இடி மண் வழியாகப் போய் மரத்தில் ஏறும். மற்றவர்கள் வருமுன் துணியை அவிழ்த்தேன். ஸ்பீக்கரை வேரோடு ஒட்டி வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. உதடு பிந்தக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்பாஸ் முதுகைக் காட்டி நின்று பாடத் தொடங்கி, பிறகு திரும்ப வேண்டும். நான் கீழே வராந்தாவில் லெப்டொப்போடு இருந்தேன். வெள்ளைச் சட்டை மரத்தடிக்கு வந்தது. எதிர்மேட்டிலிருந்து தனுஜா கை காட்டினாள். பாட்டைப் போட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. விடுமுறையில் கிழமை மறந்துபோகிறது. இன்பாஸ் ஜும்ஆ தொழப் பசறைக்குப் போயிருந்தான். முதுகு தெரிகிற பகுதியை முதலில் எடுத்துவிடலாம் என்று தனுஜா புவனேந்திரனை நிறுத்தியிருக்கிறாள். பாட்டின் தொடக்கத்தில் கீபோர்ட் மட்டும் மெதுவாக வரும். அப்போது அவன் திரும்பிக் கத்தினான்.

"அண்ணே, இன்பாஸ் நானா தொழுகைக்குப் போயிட்டாரு! பின்னாடியிருந்து பாத்தா நானும் ஹீரோதானே?"

டிரம் இன்னும் தொடங்கவில்லை. விரல் விசையின் மேல் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள், அந்தப் பேச்சு ஸ்பீக்கரில் தொடங்கி, நான் அவிழ்த்த துணியில் போய் முடியும். இது ஒரு காரணம். இன்னொன்று, அடுத்து என் குரல் வரவிருந்தது. அதை அவ்வளவு சத்தமாக, ஒரு மலை முழுக்க நான் கேட்டதேயில்லை. லயங்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்று கேட்டார்கள். குளவிகள் இறங்கியதும் அவன் ஓடியதும் விழுந்ததும் தெரிந்தது. பாட்டு முடியும்வரை ஓடவிட்டேன்.

தோட்டங்களில் குளவி கொட்டிச் சாவது புதிதல்ல. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் செத்த வீட்டில் இன்பாஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்து, "இனி நான் பாடவே மாட்டேன்," என்று அழுதான். புவனேந்திரனின் அம்மா ஜெயலெட்சுமி அவன் தலையைத் தடவினார்.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. அந்தக் கொரல் நிக்கக் கூடாது. எம்புள்ள கடைசியாக் கேட்டது அதத்தானே."

அதனால்தான் நானாகவே பொலிஸுக்கு வந்தேன். குற்றத்துக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த அம்மாவுக்கு நியாயம் கிடைக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான். அவருடைய மகன் கடைசியாகக் கேட்டது என் குரலைத்தான் என்று, தயவுசெய்து நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள் சேர்.