சும்மா உக்கார்ற வேலை

…அதான் கேக்குறேன், உப்பு போட்டது ஒரு குத்தமா தம்பி? நீங்களே சொல்லுங்க. இங்க சமையல்கட்டுல சூப் கொதிக்குது, ஒரு கரண்டி எடுத்து வாயில வெச்சேன், சப்புனு இருந்துச்சு, ஒரு கை அள்ளிப் போட்டேன். சமையல்காரம்மா அப்புறமா வந்து அவங்க பங்குக்கு ஒரு கை போட்டா நான் என்ன பண்றது? போட்டேன்னு நான் சொல்லலதான்... ஆனா அவங்க கேக்கலையே. அன்னிக்குச் சாப்பிட வந்தவங்க பூரா தண்ணி தண்ணினு அலைஞ்சாங்க. சமையல்காரம்மா நேரா எங்கிட்ட வந்தாங்க. என் கையில இருந்த கரண்டிய வாங்கி வெச்சுக்கிட்டாங்க, அவ்ளோதான்.

நல்லா சாஞ்சு உக்காருங்க. இந்த ஓய்வறையில யாரும் உங்கள எந்திரினு சொல்ல மாட்டாங்க. ஷூவக் கழட்டலையா? சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கே... சரி சரி, வேணாம். உங்க இஷ்டம்.

எங்க விட்டேன்... ஆங். நான் என்ன ஒண்ணும் தெரியாத பொம்பளையா? பெரியாஸ்பத்திரியில விசாரணை கவுண்டர்ல இருந்து ரிட்டையர் ஆனவ. எக்ஸ்ரே எங்க, மருந்து எங்க வாங்கறது, பிரசவ வார்டு எந்த மாடினு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வாய் ஓயாது. ரிட்டையர் ஆனேன், அதோட சரி, ஒரு ஆளு எங்கிட்ட வழி கேக்கல. அதனால வீட்ல மருமகளுக்கு வழி சொல்லிப் பாத்தேன். துணிய எப்படி மடிக்கிறது, கொழந்தைய எப்படித் தூக்குறதுனு. அவதான் ஒரு நாள், ரொம்ப அன்பா, "அத்தை, நம்ம சபையில தெருவுல தங்குறவங்களுக்கு ஒரு இல்லம் நடத்துறாங்கல்ல, உங்கள மாதிரி ஆளு அவசரமா வேணுமாம்"னா. எனக்கு மனசு குளுந்துபோச்சு. அப்புறம்தான் தெரியுது, யாரும் ஆள் கேக்கவே இல்ல. இவளாப் போயி பாஸ்டர்கிட்ட, "எங்க அத்தைய எடுத்துக்கங்க"னு சொல்லிருக்கா. பழைய சோபாவத் தள்ளிவிடுற மாதிரி.

சரி, வந்தாச்சு. கரண்டி போச்சா, துணி ரூமுக்கு மாத்துனாங்க. வர்ற துணியப் பிரிச்சு, அளவு பாத்து, கேக்குறவங்களுக்குக் குடுக்கணும். ஒருத்தர் குளிர்ல வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு வந்தாரு. பீரோ மாதிரி ஒடம்பு. எதுவும் பத்தல. கதவுக்குப் பின்னாடி ஆணியில ஒரு கம்பளிக் கோட்டு தொங்குச்சு. மாட்டிவிட்டேன். மாப்பிள்ளை மாதிரி நடந்து போனாரு. அது பாஸ்டரோடதுனு எனக்கு எப்படித் தெரியும்... சரி, பையில அவரு மூக்குக்கண்ணாடி இருந்துச்சு, எடுத்து மேசை மேல வெச்சேன். தெரியும்தான். ஆனா ரெண்டு இருந்தா ஒண்ண இல்லாதவங்களுக்குக் குடுங்கனு அவர்தானே முந்தின ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணாரு. அவர்கிட்ட இருந்ததே அந்த ஒண்ணுதாங்கறது எனக்குத் தெரியாது பாருங்க. பாவம், மழையில நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போனாரு.

அதுக்கப்புறம் ஜெப அறை. யாராச்சும் மனசு விட்டுப் பேச வந்தா, நீங்க கேட்டுக்கிட்டா மட்டும் போதும்னாங்க. ஒரு அம்மா வந்தாங்க. மகன் அவங்களோட பேசறதையே விட்டுட்டான்னு அழுதாங்க. எனக்கும் மகன் இருக்கான்ல? நானும் சொல்ல ஆரம்பிச்சேன். கடைசியில அந்தம்மா என் தலையில கைய வெச்சு ஜெபம் பண்ணிட்டுப் போனாங்க.

பாஸ்டர் கூப்பிட்டாரு. "அம்மா, கொஞ்ச நாளைக்கு ஓய்வறையில சும்மா உக்காந்திருங்களேன்"னாரு. சும்மா. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. வீட்டுக்குப் போயி, கதவச் சாத்திக்கிட்டு அழுதேன் தம்பி. ஆண்டவரே, ஒருத்திக்குப் பாட்டு, ஒருத்திக்குச் சமையல், ஒருத்திக்கு ஊசி போடுற கைனு வரம் குடுத்தீரே, எனக்கு ஒரு நாற்காலிதானான்னு கேட்டேன்.

ஆனாலும் மறுநாள் வந்துட்டேன். வீட்லயே இருந்தா மருமக என்ன பேசுவா, அதான்.

அந்த ஜன்னலோரக் கட்டில்ல ஒருத்தர் உக்காந்திருப்பாரு. மூட்டைக்காரர்னுதான் சொல்லுவாங்க. மூட்டைய மடியில வெச்சு, முதுகச் சுவத்துல ஒட்டிக்கிட்டு, கண்ணு ரெண்டும் ரத்தமாட்டம் சிவந்து... படுக்க மாட்டாரு. மாத்திரை குடுத்தா வாங்க மாட்டாரு. தூங்கலன்னா ஒடம்பு தாங்காதுனு டாக்டரே பயந்துட்டாராம். எனக்கு அப்ப அதெல்லாம் தெரியாது. பக்கத்துல ஒரு ஆளு இருந்தாரு, என் வயித்தெரிச்சலக் கொட்டுனேன். உப்பு, கோட்டு, மருமக, எல்லாம். நடுவுல திரும்பிப் பாத்தா, குறட்டை.

வந்துச்சு பாருங்க கோவம். ஒரு மனுஷி இவ்ளோ வேதனையச் சொல்றேன், தூங்குறாரு. தோளத் தட்டி எழுப்பப் போனேன். பின்னாடி இருந்து பாஸ்டர் என் கையப் புடிச்சுக்கிட்டாரு. அவரு கண்ணுல தண்ணி. சத்தமே வராம வாய மட்டும் அசைச்சாரு. "பேசுங்க."

என்னப் பேசச் சொல்லி ஒருத்தர் கேட்டு எவ்ளோ காலம் ஆச்சு. பேசுனேன். தொண்ட காஞ்சு, தண்ணி குடிக்கலாம்னு நிறுத்துனா, மூட்டைக்காரர் கண்ணத் தொறந்துட்டாரு. "ஏம்மா நிறுத்திட்டீங்க? வெளிய படுக்கும்போது சட்டுனு சத்தம் அடங்குச்சுன்னா, யாரோ கிட்ட வர்றான்னு அர்த்தம். நீங்க பேசிக்கிட்டிருந்தா ஒரு ஆளு முழிச்சிருக்குனு தெரியுது. நான் காவல் இருக்க வேணாம்ல"ன்னாரு.

அன்னியில இருந்து இதான் என் வேலை. இப்ப அவரு கால நீட்டிப் படுக்குறாரு. எங்க வீட்டுக்காரர்கிட்டப் பெருமையாச் சொன்னேன். "அந்த வரம் ஒனக்குக் கல்யாணத்தன்னிக்கே இருந்துச்சே"ன்னாரு. அவரு என்ன அர்த்தத்துல சொன்னாருனு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

என்ன தம்பி... ஷூவக் கழட்டுறீங்களா? கழட்டுங்க, கழட்டுங்க. ஓ... போன தடவ தூங்கும்போது எவனோ எடுத்துட்டுப் போயிட்டானா? அதான் மாட்டிக்கிட்டே இருந்தீங்களா? இங்க, என் நாற்காலிக்கு அடியில தள்ளுங்க. என்னத் தாண்டி ஒருத்தன் கை வெச்சுருவானா? படுங்க. நான் எங்கயும் போகல. பேசிக்கிட்டுதான் இருப்பேன்.

அப்புறம்... சமையல்காரம்மா, சொல்லியாச்சு. பாஸ்டர், சொல்லியாச்சு. வீட்டுக்காரர்... அதுவும் ஆச்சு. தூங்கிட்டீங்களா? இல்ல, இமை ஆடுது. நிறுத்தக் கூடாது. கொறை எல்லாம் தீந்துபோச்சே, இனி என்னத்தப் பேசுறது...

சரி. எங்க மருமக. போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்து, பேச்சு மூச்சில்லாமக் கெடந்தேன். அவ கொழந்தையக் கூட மகன்கிட்ட விட்டுட்டு, என் கட்டிலுக்குப் பக்கத்துல வெறுந்தரையில படுத்துக்கிட்டா. இருமுனா போதும், வெந்நீரோட எந்திரிச்சிருவா. "நீங்க பேசாம இருந்தா வீடே பயமா இருக்கு அத்தை"ன்னா.

இத நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க தம்பி... தம்பி?

நல்லது. யாருக்கும் கேக்கல. அவ போடுற டீ கூட நல்லாத்தான் இருக்கும்...