தங்கையின் செல்லுக்குச் சாட்சி சொன்னவர்

முப்பத்திரண்டு ஆண்டுகள் உயிரணுக்களுக்கு உணவூட்டி, இன்று பணி நிறைவு பெறும் பூரணாங்குப்பத்துப் பொறுமையே! வில்லியனூர்ச் சாலையோரத்து எங்கள் ஆய்வகத்தின் வாய்மையே! மதிப்பிற்குரிய சகாயராணி அம்மையே! வணங்குகிறோம்.

அவையோரே! செல் ஒன்று இரண்டாகும் முன் தன் டி.என்.ஏ.வை ஒரே ஒரு முறைதான் நகலெடுக்க வேண்டும். அதற்கு அனுமதி தருவது ஒரு புரதம். நகல் தொடங்கியதும் செல்லே அந்தப் புரதத்துக்கு அழிவு முத்திரை குத்தி, அரைத்துத் தள்ளிவிடும். அழிக்கத் தவறினால் நகலின்மேல் நகல், இழை முறியும், புற்றுக்கு வழி திறக்கும். அந்த அழிவை நிமிடம் தவறாமல் அளந்த கை இவருடையது!

சிக்கனத்திலும் இவர் சிகரம். திரவத்தை உறிஞ்சிச் சொட்டுவிடும் குழாயின் முனையில் மாட்டுகிற, ஒருமுறையோடு எறிய வேண்டிய பிபெட் டிப்புகளைக் கழுவிக் காயவைத்து மீண்டும் தருவார். நாங்கள் கைதட்டினோம்.

சென்ற ஆண்டு, இவர் தங்கை ஆரோக்கியசெல்வியின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இவர் மேசைக்கே வந்தன. அவற்றில் அந்தப் புரதம் அழியவே இல்லை! இதே கோளாறு உள்ளவர்களுக்கென தங்கை படுத்திருந்த மருத்துவமனையில் ஒரு புது ஊசியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் தங்கையின் பெயர் ஏறியது. வேறு மருந்து எதுவும் மிச்சமில்லை.

ஊசிக்கு இரண்டு நாள் இருக்கையில், கழுவிய பெட்டியில் சிவப்பு மை தீற்றிய டிப்புகள் இவர் கண்ணில் பட்டன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு தட்டில் மட்டும் புரத அழிவைத் தடுக்கும் மருந்தை விடுவோம். அதைத் தொட்ட டிப்புகளுக்குத்தான் சிவப்பு மை, அவற்றை எறிந்துவிடுவார். வார்டுக்கும் வேலைக்கும் ஓடிய அலைச்சலில் அவையும் கழுவியவற்றோடு கலந்துவிட்டன; அவற்றில் ஒட்டியிருந்த மருந்து தங்கையின் செல்லிலும் இறங்கியிருக்கலாம். புது டிப்புகளால் சோதனையைத் திரும்ப ஓட்டினார். புரதம் உரிய நேரத்தில் அழிந்தது. தங்கைக்கு அந்தக் கோளாறே இல்லை.

"இன்னாக்கா, பைத்தியமா? யாருக்குத் தெரியப்போவுது? சும்மா இரு" என்றார் எங்களோடு வேலை பார்க்கும் தமிழ்க்குமரன். எங்களில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

"கோளாறு இருக்கிற செல்லத்தான் அந்த ஊசி கொல்லும் தம்பி. இவளுக்கு, இருக்கிற நாளையும் புடுங்கிக்கும்."

இயக்குநர் அரிகரனிடம் எழுதிக் கொடுத்தார். பெயர் நீங்கியது.

"பொய் சொல்றக்கா. வேற யாருக்கோ எடம் குடுக்க எம் பேர வெட்டிட்ட!" என்றார் தங்கை. இவர் சிவப்பு மையைச் சொன்னார், டிப்பைச் சொன்னார். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பத்தோரு நாள் இவர் கையால் கஞ்சி குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தார்.

அம்மையே! எங்களில் ஒருவர் அந்த வார்டுக்கு வந்து, "உங்கக்கா சொல்றது நெசம்" என்றிருந்தால் போதும். டிப்பைக் கழுவக் கைதட்டிய பழி நம் தலையில் விழுமோ என்று பயந்தோம். ஒருவரும் வரவில்லை.

நோயின்றி, இரவில் நல்ல உறக்கத்தோடு நெடுநாள் வாழ்க! நீங்கள் சொன்னது நிஜம் என்று, கேட்க வேண்டியவர் இல்லாத இந்த அவையில் கையெழுத்திடுகிறோம்.

ஆய்வகப் பணியாளர்கள் பதினால்வர்