சைத்ர மாச மண்டபம்

ஹலோ... கேக்கறது, சொல்லு அபி... சி.ஏ. காஸ்டிங் கிளாஸ்தான், இன்னும் சார் வரலை. காரிடாருக்கு வந்துட்டேன்... ம்... யாரு, உங்கப்பாவா?... வேண்டாம்னுட்டாரா? எது வேண்டாமாம், கல்யாணத் தேதியா, நானா?... சரி, சரி, தேதிதான். இரு, கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்.

என்ன காரணம் சொல்றார்?... சைத்ர மாசமா? ஏப்ரல் முதல் வாரம் பெங்காலிக்குத்தான் சைத்ரம், கல்யாணம் பண்ணக் கூடாது. நமக்கு அது பங்குனி. எங்காத்து வாத்தியார் பஞ்சாங்கத்தை ரெண்டு தரம் புரட்டிப் பார்த்துக் குடுத்த முகூர்த்தம்... தெரியும், உங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து கொல்கத்தா. அதுக்காக?...

ஆமா. ஆமா. வேணும்னேதான் அந்த மாசத்தைப் பிடிச்சேன். ஒரு பெங்காலியும் கல்யாணம் பண்ண மாட்டான், ஊர்ல அத்தனை மண்டபமும் ஈ ஓட்டிண்டிருக்கும். வாடகை பாதிக்கும் கம்மி. பந்தல்காரன் குறைக்கறான், பூக்காரன் குறைக்கறான்... இல்ல, எனக்கும் நம்பிக்கை வரலை. இவ்வளவு சுலபமா யாருக்கும் தோணாம இருக்குமா, எங்கேயோ தப்பு இருக்கும்னு மூணு நாள் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். தப்பு உங்கப்பா ரூபத்துல உக்காந்திருக்குன்னு தெரியாமப் போச்சு.

மாத்திடலாமா? ரொம்ப சுலபமாச் சொல்றே... மாத்தினா எங்கப்பா "அதனாலென்ன"ம்பார். அம்மாவோட முட்டி ஆபரேஷனுக்கு வெச்சிருக்கற பணத்துல கை வெப்பார். வேற பணம் கிடையாது அபி. அம்மா மாடிப்படியை உக்காந்து உக்காந்து இறங்கறா... உனக்குத்தான் தெரியுமே, அப்புறம் ஏன் உங்கப்பாகிட்ட சொல்லலை?... "ம்"மா? "ம்"முங்கறது ஒரு பதிலா?

என்ன?... பக்கத்துலதான் இருக்காரா?... ஸ்பீக்கரா? எப்பலேர்ந்து?...

நமஸ்காரம் மாமா. சாய்பிரியாதான்... இல்ல மாமா, ரூபம்னு ஏதோ வாய் தவறி... நன்னா இருக்கேன். மாமி சௌக்கியமா?... சொல்லுங்கோ.

ஆமாம் மாமா... ஆமாம்... வாத்தியார் சாஸ்திரப்படி தோஷம் இல்லேன்னுட்டார். பங்குனி உத்திரத்துல சாமிக்கே கல்யாணம் பண்றா... ஓ. சாமிக்கு பேங்க் சிநேகிதா கிடையாது. அதுவும் நியாயம்தான்.

புரியறது மாமா. நீங்க ரிட்டையர் ஆன பேங்க்ல எல்லாரும் பெங்காலி. சைத்ரத்துல பத்திரிகை வந்தா, வாடகை மலிவுன்னு வெச்சிருக்கான்னு பார்த்ததுமே தெரிஞ்சுடும்... என்ன மாமா?... கரியாஹாட் பிளாட்பாரத்துல சைத்ர மாசத் தள்ளுபடி சேல்ல புடவை எடுக்கற மாதிரி ராகவேந்திரன் நாட்டுப்பொண்ணு எடுத்தான்னு சிரிப்பா... சே சே, கோவிச்சுக்கலை. நல்ல உவமைதான்... மலிவுதான் மாமா, அதை மறைக்கலை.

அப்பாவுக்கா? வேண்டாம் மாமா! அப்பாவுக்குப் போன் பண்ணாதீங்கோ!... மன்னிச்சுக்கோங்கோ, கத்திட்டேன். அவர் உடனே சரின்னுடுவார். யார் எது கேட்டாலும் சரின்னுடுவார், அதான் எனக்கு பயம்.

ஒரே நிமிஷம் மாமா. நான் யோசிக்கறது சரியான்னு எனக்கே தெரியலை, தப்புன்னா சொல்லுங்கோ. முகூர்த்தம் காலம்பர ஏழு மணிக்கு. பேங்க் சிநேகிதா யாராவது அத்தனை சீக்கிரம் எழுந்து வருவாளா?... மாட்டா இல்லையா? அவாள்லாம் ரிசப்ஷனுக்குத்தான். ரிசப்ஷன் உங்க செலவுன்னு நிச்சயதார்த்தத்தன்னிக்கு சபையில நீங்களே சொன்னேள்... பெரிய மனசு மாமா, இன்னும் எங்காத்துல பேசிண்டிருக்கா. அதனால கல்யாணம் பங்குனியில, எங்க சொந்தம், உங்க சொந்தம் மட்டும், எங்க செலவு. ரிசப்ஷனை நீங்க மே மாசம் வெச்சுக்கோங்கோ. சிநேகிதாளுக்கு அந்தப் பத்திரிகை மட்டும் போதும். சைத்ரம்னு ஒண்ணு நடந்ததே தெரியாது...

அப்படியா? சரியா வருமா?... ரொம்ப தாங்க்ஸ் மாமா. நான் தப்பாச் சொல்லிட்டேனோன்னு...

வாடகையா? விசாரிச்சிருக்கேன், ரெண்டு சீசனுக்கும் கேட்டு வெச்சிருக்கேன். மே மாசத்துல... உக்காந்துண்டிருக்கேளா மாமா?... ரெண்டே கால் லட்சம்... மண்டபத்துக்கு மட்டும். பந்தலும் சாப்பாடும் தனி...

ஹலோ?... மாமா?... லைன்ல இருக்கேளா?

எங்களுக்கா? தொண்ணூறாயிரம்... அதே மண்டபம்தான், டாலிகஞ்ச்... ஆமாம், ஏசி உண்டு... ஏசி ஓடும் மாமா. சைத்ரம்னு நிறுத்த மாட்டா.

ம்... ம்... ரிசப்ஷனைக் கல்யாணத்துக்கு மறுநாளே வெச்சுக்கறேளா? காலிதான். அந்த மாசம் பூரா காலிதான்... ஆனா மாமா, அதுவும் சைத்ரமாச்சே... சரி... சரி... ஆமாம், தோஷம் இல்லேன்னு வாத்தியார் சொன்னது மறுநாளைக்கும் பொருந்தும்னுதான் நினைக்கறேன்... சிநேகிதா சிரிச்சா?... "எங்க மதராசி வழக்கம்"னு சொல்லிடுவேளா? தாராளமாச் சொல்லுங்கோ மாமா.

அப்போ மண்டபத்து மேனேஜர் மதுதாகிட்ட ரெண்டு நாளுக்குமா பிடிச்சுடச் சொல்றேன். நாளைக்கு அட்வான்ஸ் கட்டணும். மறுநாளுக்கு ரசீது உங்க பேர்லதானே?... இல்ல மாமா, எங்கப்பா பேர்ல வேண்டாம். சேர்த்துப் போட்டா குறையாது, கேட்டுட்டேன்... உங்க பேர்லயே... ஆமாம், ராகவேந்திரன்... இன்னும் பத்தாயிரம் குறைப்பானாவா? நீங்களே கேளுங்கோ மாமா, நம்பர் அனுப்பறேன். எனக்கு அதுக்கு மேல வாய் வரலை.

அபிகிட்ட குடுக்கறேளா?... அபி?... எல்லாம் கேட்டுண்டேதானே இருந்தே? ஒரு வார்த்தை பேசினயா?... இல்ல, அழலை. ஜலதோஷம்... அம்மாவைத்தான் நாளைக்கு டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போகணும், ஆபரேஷனுக்கு தேதி வாங்கணும்... எந்த மாசமானா என்ன? அதுக்கு ஒருத்தரும் பஞ்சாங்கம் பார்க்க மாட்டா.

சார் வந்துட்டார். வெச்சுடறேன்.