டெபோரா விஷயத்தில் ஒருமனதான முடிவு

ஸ்கோன் ரொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பூசணிக்காய், மாவு, வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. இவை தவிர அதில் வேறெதுவும் இல்லை. ஹோபார்ட் நகரச் சபையிலிருந்து இவ்வளவு தூரம் மலைப்பாதையில் கார் ஓட்டி வந்திருக்கிறீர்கள். வந்தவர்களை ஹெஸ்டர் வெறும் வயிற்றோடு உட்காரவைத்தாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். சரி, பிறகு சாப்பிடுங்கள். தட்டு அங்கேயே இருக்கட்டும்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நான் பொய் சொல்ல மாட்டேன். பொய்யும் சண்டையும் ஆகாத குவேக்கர் கிறிஸ்தவச் சபையில் பிறந்து, குவேக்கராகவே தலை நரைத்தவள். கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வேன், கேட்காவிட்டால் என் வேலையைப் பார்ப்பேன். இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்பட்டதாகிவிடும், சந்தேகப்படுவது அண்டை வீட்டாருக்குச் செய்கிற அநியாயம் என்று ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நல்லவர்கள். அவர்கள் நடுவில் வாழக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கில் நாங்கள் சில குடும்பங்கள். வீடு தனித்தனி, தோட்டம், துணிக்கொடி, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மூன்றும் பொது. ஞாயிறு காலையில் பழைய ஆப்பிள் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் மௌனமாக இருப்போம். பாட்டு கிடையாது, பிரசங்கம் கிடையாது. உள்ளே ஏதாவது உந்தினால் எழுந்து நாலு வார்த்தை சொல்லலாம், இல்லையென்றால் சும்மா இருக்கலாம். வாரம் முழுக்க நான் காத்துக்கிடப்பது அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான்.

அதைத்தான் டெபோரா கெடுத்தாள்.

டெபோரா பெரிலின் கூஸ் வாத்து. பெரில் என் பக்கத்து வீடு. புருஷன் போன பிறகு, ஒரு முட்டையைத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்து அடைகாத்துப் பொரித்தாள். வாத்தும் அவளைத் தாய் என்றே நினைத்துவிட்டது. அதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கொட்டகையில் மௌனம் கூடி வந்து, நெஞ்சு லேசாகிற சரியான நொடியில், ஜன்னலுக்கு வெளியே டெபோரா லாரி ஹாரன் மாதிரி ஒரு சத்தம் போடும். பிறகு கொஞ்சம் இடைவெளி. அப்பாடா என்று நாம் மூச்சுவிட்டதும் மறுபடி.

இதை நான் முறைப்படி கூட்டத்தில் வைத்தேன். கூட்டத்தை நடத்துகிறவளே நான்தான். உங்களுக்குத் தெரியாததில்லை, நாம் ஓட்டெடுப்பதில்லை. எல்லாருடைய மனமும் ஒப்பினால்தான் முடிவு. ஒரே ஒருவர் ஒப்பவில்லை என்றாலும் விஷயம் அடுத்த மாதத்துக்குப் போகும். டெபோராவின் விஷயம் மூன்று வருடம் அடுத்த மாதத்துக்குப் போனது. ஆராதனை நேரத்தை மாற்றிப் பார்த்தோம். அதுவும் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. கீழே ஒரு பண்ணையில் கொண்டுபோய் விடலாம் என்றேன். பெரில் எழுந்து, "என் மனசு ஒப்பல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். எதிர் வீட்டு நோலா ஒருபடி மேலே போனாள்.

"ஆவி உந்துனா யார் வேணா பேசலாம்னு நாமதான சொல்றோம்," என்றாள். "மனுஷங்க மட்டும்தான்னு எங்க சொல்லியிருக்கு?"

கூட்டம் அதைப் பற்றி நெடுநேரம் மௌனமாக யோசித்தது. வெளியே டெபோரா கத்தியது. கிளைவ் எழுந்து, இப்போது கேட்ட செய்தி தன்னை மிகவும் தொட்டது என்றார்.

கிளைவ் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரின் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் அவர் கையால் ஆனவை. தங்கமான மனிதர். யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் தன்னால்தான் ஒழுகுகிறது என்று நினைக்கிற ரகம். மாலையில் டெபோராவின் கூண்டுக் கதவைச் சாத்துவது அவர் பொறுப்பு.

நான் கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். சமாதானத்தில் நம்பிக்கை உள்ளவள் நான். ஒரு ஈயைக்கூட ஜன்னலைத் திறந்துதான் வெளியே அனுப்புவேன். என் யோசனை வேறு. நான் மட்டும் தனியாக ஒரு முடிவெடுத்தால் அது அராஜகம். ஊர் முழுக்கச் சேர்ந்து, ஒருவர் பாக்கியில்லாமல் பங்கெடுத்தால்? அப்போது அதை யார் குறை சொல்ல முடியும்? இப்படி யோசித்த அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

பொதுச் சாப்பாட்டுக்கு என் முறை வந்த ஞாயிறு, விடியும்போதே கூண்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. திறந்தேன். டெபோரா என் பின்னாலேயே வந்தது; என் கையில் ஸ்கோன் இருந்தது. அதன் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. என் அப்பா பண்ணைக்காரர். அடித்தால், திட்டினால்தானே வன்முறை. நான் குரலைக்கூட உயர்த்தவில்லை.

அன்றைய மௌனம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது. கண்ணீரே வந்துவிட்டது எனக்கு. என் வீட்டு அடுப்பில் அது பாட்டுக்கு மெதுவாக வெந்துகொண்டிருந்தது.

மதியம் நீளமேஜையில் எல்லாரும் உட்கார்ந்தோம். பொதுச் சாப்பாட்டில் மாமிசம் வைப்பதில்லை என்பது இங்கே பழைய வழக்கம். பெரில் பள்ளிக்கூட நாளிலிருந்தே தொடாதவள். பெரிய தட்டில், உள்ளே பூரணம் வைத்து மாவால் மூடிச் சுட்ட 'பை'யை எடுத்து வைத்தேன். மேலே மாவு பொன்னிறமாக உப்பியிருந்தது. காளான் போட்டிருக்கிறேன் என்றேன், போட்டிருந்தேன். வழக்கம்போல எல்லாரும் கைகோத்துக்கொண்டோம். "எல்லாருக்கும் சம்மதம்தானே, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் கேட்டேன். ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். மூன்று வருடத்தில் முதல்முறையாக எங்கள் ஊர் ஒருமனப்பட்டது.

பெரில் வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னைக்குக் கவனிச்சீங்களா? ஒரு சத்தம் இல்ல. எம்பொண்ணும் அமைதியா உட்காரக் கத்துக்கிட்டா."

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. நோலா செய்முறை கேட்டாள். காளான், பூண்டு, தைம் இலை, அவசரப்படாத அடுப்பு என்றேன். "வேற ஒண்ணுமில்லையா?" என்று அவள் கேட்டிருந்தால் மீதியையும் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, இன்னொரு துண்டு கேட்டாள்.

சாயங்காலம் தேடல் தொடங்கியது. காட்டோரம் திரிகிற புள்ளி போட்ட, பூனையளவு வேட்டை விலங்கான குவோல் ஒன்றுதான் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று ஊர் முடிவுகட்டியது. பெரில் அழுதாள். நன்றாக அழுதுவிட்டு, குவோலை மன்னிப்பதென்று தீர்மானித்தாள். தினமும் மாலையில் வேலியோரம் முட்டைப் பொரியல் வைத்து, "போனது போகட்டும்டா, நீயும் பசியிலதான செஞ்ச" என்று இருட்டைப் பார்த்துப் பேசிவிட்டு வருவாள். அந்தக் குவோல் இப்போது நடக்க முடியாமல் நடக்கிறது. ஆறுதலாக இருக்கட்டும் என்று நானும் அவள் முதுகுவலிக்கு ஒரு தலையணை தைத்துக் கொடுத்தேன். நல்ல மெத்தென்ற இறகு. அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள்.

எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். கிளைவ்தான் கெடுத்தார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, கூண்டைச் சாத்த மறந்தது தான்தான், குவோல்மேல் பழி போடுவது தர்மமல்ல, இந்த ஊரில் இருக்கத் தனக்கு யோக்கியதை இல்லை, வியாழக்கிழமை கடல் தாண்டிப் பெண்டிகோ என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுவதாகச் சொன்னார். அவருக்கும் தங்கைக்கும் ஒத்துவராது என்பது ஊருக்கே தெரியும். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் அழுதார்கள்.

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள். யாரும் கேட்கவில்லை, அது ஒன்று. இன்னொன்றும் உண்டு. அவர் உட்கார்ந்த பிறகு மறுபடி மௌனம் கூடியது. டெபோரா இல்லாத சுத்தமான மௌனம். அதற்குள்ளே நான் அதைக் கேட்டேன். கிளைவின் மூக்கு. கெட்டில் கொதிக்கத் தொடங்கும் முன் ஒரு விசில் வருமே, அந்த மாதிரி. மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. இத்தனை வருடம் வாத்தின் சத்தத்தில் அது என் காதில் விழவே இல்லை. பெண்டிகோ ஊரில் காற்று வறண்டது, மூக்குக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அவர் நன்மைக்காகத்தான்.

புதன்கிழமை கிளைவ் தன் மனம் தெளிய உதவும்படி எங்களைக் கூப்பிட்டார். நம் வழக்கப்படி மூன்று பேர் கூட உட்கார வேண்டும். கேள்வி மட்டும் கேட்கலாம், புத்தி சொல்லக்கூடாது. பெரில், நோலா, நான். இதே சமையலறையில்தான். கட்டிவைத்த பெட்டி அவர் வீட்டு வாசலில் இருந்தது. நோலா இரண்டு கேள்வி கேட்டாள். பெரில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கிளைவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஹெஸ்டர், அன்னைக்கு அவரு கதவச் சாத்துனாரா இல்லையான்னு உனக்குத் தெரியுமா?"

கேட்டுவிட்டாள். என்ன செய்வது. தெரியும் என்றேன், சாத்தியிருந்தார், திறந்தது நான் என்றேன். பிறகு நோலா ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, உங்களிடம் சொன்ன அத்தனையும் சொன்னேன். மூக்கைத் தவிர. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கிளைவ் நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்ப நான் சாத்தித்தான் இருந்தேனா?" என்று இரண்டு தடவை கேட்டார். மனிதருக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அப்படியே சிரித்து, அழுது, போய்ப் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தார்.

பெரில் மட்டும் அசையவில்லை.

"நான் அந்தப் 'பை'ய ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்," என்றாள், மெதுவாக.

"மூணு," என்றேன். உண்மை என்றால் உண்மைதான்.

அவள் தலையணையைக் குனிந்து பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதை எடுத்து நாற்காலியில் குழந்தையைப் படுக்கவைப்பது போல வைத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு வருத்தம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்று தடவை வாங்கியவளுக்கு மனம் ஒப்பவில்லை என்று எப்படிச் சொல்வது? ஐயோ, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதுதான் அது. நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள்.

கிளைவ் இங்கேயே இருக்கப்போகிறார் என்பதில் ஊருக்கே சந்தோஷம். எனக்கும்தான். போன ஞாயிறு எனக்கு நேர் எதிரே, மனப்பாரம் இறங்கி, நிம்மதியாக, ஆழமாக மூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரமும் கேட்டேன். முறைப்படி அதையும் அடுத்த கூட்டத்தில் வைக்கப்போகிறேன். எனக்குப் பொறுமை உண்டு.

வருகிற ஞாயிறு சமையல் என் முறை. உங்களை அனுப்பியதே அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். நேற்று கூட்டம் போட்டு, என்னைச் சமையலிலிருந்து எடுத்துவிடலாமா என்று அன்போடு பேசினார்கள். ஒவ்வொருவராக எழுந்து சம்மதம் சொன்னார்கள். பெரில்கூட வந்து சொன்னாள். கிளைவ் மட்டும் என் மனம் புண்படுமே என்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் இந்த ஊரில் ஒருத்திதானே. பொய் சொல்ல முடியுமா?

என் மனசு ஒப்பவில்லை என்றேன். விஷயம் அடுத்த மாதத்துக்குப் போயிருக்கிறது.