சாக்குக்காரி மேடு

அது ஒரு காலம். மழை பெய்தால் சோறு, பெய்யாவிட்டால் கீரை என்று இருந்த காலம். அந்தக் காலத்தில் நத்தையேந்தல் என்று ஓர் ஊர். கண்மாய்க் கரைக்குக் கீழே பள்ளத்தில் கிடந்தது. அந்த ஊருக்கு இருளாயி என்று ஒருத்தி வாழ வந்தாள். புருஷன் பேர் சேவுகன்.

அவளை அழகி என்று யாரும் சொன்னதில்லை. வீட்டுக்காரி என்று சொன்னார்கள். வந்த மறுநாளே வீட்டிலிருந்த பழைய அடுப்பை இடித்துவிட்டாளாம். "புகை கண்ணுக்கு வருது" என்றாளாம். ஓடை மண்ணில் வைக்கோலைப் போட்டுத் தானே மிதித்து, தானே புது அடுப்புப் போட்டாள். பக்கத்தில் ஒரு கொடியடுப்பு. ஒரே சுள்ளியில் இங்கே சோறு வேகும், அங்கே குழம்பு கொதிக்கும்.

அவளுக்கு இருந்தது இரண்டு சேலை. அதில் கரி படக் கூடாது. பழைய சாக்கு ஒன்றைப் பிரித்தாள். ஓரத்தை மடித்துக் கோணி ஊசியால் தைத்தாள். இரண்டு பக்கமும் கயிறு வைத்து இடுப்பில் முன்பக்கமாகக் கட்டிக்கொண்டாள். சட்டி இறக்க அந்தச் சாக்கு. கை துடைக்க அந்தச் சாக்கு. சுள்ளி பொறுக்கப் போனால் அதுவே மடி.

கிணற்றடியில் பெண்கள் சிரித்தார்களாம். "ஏய், நெல்லு மூட்டை நடந்து வருது. எவளாச்சும் இறக்கி வைங்கடி."

இருளாயி குடத்தை இறக்கி வைத்தாள். "மூட்டைன்னா உள்ள சரக்கு இருக்கும். நீங்கள்லாம் வெறுஞ்சாக்கு" என்றாளாம்.

அன்றைக்கு வந்த பேர் சாக்குக்காரி.

வீட்டு வேலை என்றால் அவளுக்கு உயிர். சாணி மெழுகினால் தரையில் விரல் தடம் இருக்காது. செம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் முகம் தெரியும். எல்லாம் முடிந்ததும் வாசலில் நின்று அடுப்படியைத் திரும்பிப் பார்ப்பாளாம். பார்த்து ஒரு சிரிப்பு. அவளுக்குத் திருவிழா அதுதான்.

அப்படி இருந்த வீடு எப்படிக் கெட்டது? குழம்பால் கெட்டது.

கோடையில் கண்மாய் வற்றும். ஊர்த்தலைவர் பெரியணன் அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசிய பிறகுதான் மீன் பிடிக்க இறங்கலாம். அதற்கு முன்னால் எவனும் கால் வைக்கக் கூடாது. அது ஊர்க் கட்டு. இருளாயி அப்போது பிள்ளைத்தாச்சி. மீன் வேண்டும் என்று ஒரு நாள் நாக்கு கேட்டது. சேவுகன் விடியுமுன்னே இறங்கி ஒரே ஒரு விராலைப் பிடித்துவந்தான்.

எங்கே பிடித்தான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மீனைக் கண்டதும் மற்றதெல்லாம் மறந்துபோனது. மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். ஊரே கூழ் குடித்துக்கொண்டிருந்த மத்தியானம். வாசனை தெருவில் இறங்கி நடந்தது. அந்த வழியே அம்பலம் வந்தார். நின்றார். வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னத்தா குழம்பு?"

கருவாடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் குழம்பைக் கேட்க ஒரு பெரிய மனுஷன் வந்து நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். சாக்கில் கையைத் துடைத்தபடி வந்தாள். "விராலு. ருசி பாக்குறீகளா பெரியய்யா?" என்றாளாம்.

சாயங்காலம் ஊர் கூடியது.

"விழுடா" என்றார் அம்பலம். "ஊரு முன்னால விழுந்து எந்திரி. விட்டுர்றேன்."

"மாசமா இருக்கிறவ கேட்டா. ஒரு மீனுக்கு நான் விழ மாட்டேன்" என்றான் சேவுகன்.

"அப்ப நீ விலக்கு. உனக்கு நெருப்பு இல்ல, தண்ணி இல்ல, நல்லது கெட்டது இல்ல. உன் வீட்ல எவன் கை நனைக்கிறானோ அவனும் விலக்கு."

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. ஒரு வாய் உள்ளே போனாலும் கை நனைத்ததுதான்.

ஊருக்கு வெளியே ஒரு கல்லு மேடு. அங்கே போய்க் குடிசை போட்டார்கள். பிள்ளை பிறக்கிற நேரம் வந்தது. சேவுகன் மருத்துவச்சி வாசலில் நின்று கத்தினான். அவள் கதவைத் திறக்கவில்லை. பிள்ளை தலை திரும்பிக் கிடந்தது. வந்தபோது உயிர் இல்லை. மேட்டுக்குப் பின்னால் இரண்டு பேருமாகப் புதைத்தார்கள். மறுநாள் இருளாயி எழுந்து இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டாள். அடுப்புப் போட்டாள்.

ஊரில் யாரும் நெருப்புத் தர மாட்டார்கள். அதனால் அந்த அடுப்பை அவள் அணையவே விடவில்லை. படுக்கப் போகுமுன் வறட்டியைப் பற்றவைத்துச் சாம்பலில் புதைப்பாள். காலையில் கிளறினால் அது கண் விழித்துப் பார்க்கும். விறகைப் பரணில் உலர்த்தி வைத்தாள். வரகைக் குதிரில் கொட்டிச் சாணி பூசி மூடினாள். யாரும் வராத வீடுதான். ஆனாலும் விருந்தாள் வருகிற வீடு போல வைத்திருந்தாளாம்.

வருஷம் சில போனது. ஒரு ஐப்பசியில் மழை பிடித்தது. விடவே இல்லை. சேவுகனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அவள் கஷாயம் வைத்தாள், ஒத்தடம் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"ஏ புள்ள" என்றான். "என்னைய நாய் நரி இழுக்க விட்றாத. நாலு பேரு தோள்ல போகணும்."

"பேசாமப் படுங்க."

"நாலு தோளு, புள்ள."

விடிந்தபோது போய்விட்டான்.

அவளே இழுத்துப்போய்ப் புதைத்திருக்கலாம். அதற்கும் பலம் உள்ள உடம்புதான். ஆனால் அவன் கேட்டது நாலு தோள். மழையில் இறங்கி ஊருக்குள் போனாள். அம்பலத்தின் வாசலில் நின்றாள். உள்ளே ஏறவில்லை.

"பெரியய்யா, அவரு போயிட்டாரு. தூக்க ஆளு வேணும்."

அம்பலம் வெற்றிலையைத் துப்பினார். "அன்னைக்கு விழ மாட்டேன்னான்ல? இப்ப வந்து விழச் சொல்லு. அப்பறம் தூக்குறோம்."

யாரோ ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் திரும்பிவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் கண்மாய் உடைந்தது.

பள்ளத்து ஊர். தண்ணீர் வந்தது தெரியும், வீடு போனது தெரியாது. மண்சுவர் கரைந்தது. அடுப்பெல்லாம் சேறானது. குதிருக்குள் தண்ணீர் புகுந்தது. உயிர் பிழைத்தவர்கள் அய்யனார் கோயில் திடலில் ஏறி நின்றார்கள். கையில் ஒன்றும் இல்லை. நெருப்பு இல்லை, உலர்ந்த சுள்ளி ஒன்று இல்லை. பிள்ளைகள் முதலில் அழுதன. அப்புறம் அழுகையும் நின்றுவிட்டது.

திடலுக்கு எதிரே மேடு. நடுவில் இடுப்பளவு தண்ணீர். மறுநாள் காலையில் இருளாயி குடிசை வாசலில் நின்று பார்த்தாள். திடலில் புகை இல்லை. புகை இல்லையென்றால் உலை இல்லை. அவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. எந்த ஊரிலும் அதுதான் வழக்கம். ஆனாலும் சாக்கை எடுத்து இடுப்பில் கட்டினாள். குதிரின் மூடியை உடைத்தாள். விதைக்கு வைத்திருந்த வரகு. எல்லாவற்றையும் அள்ளினாள். பெரிய பானையில் உலை வைத்தாள்.

பிள்ளைகள் மேல் இரக்கமா, இல்லை மனசில் கணக்கா என்று கேட்பார்கள். இரண்டும்தான்.

புகையைப் பார்த்து முதலில் வந்தவள் மெய்யக்கா. அம்பலத்தின் மருமகள். இடுப்பில் பிள்ளை, கையில் ஓட்டுச்சில்லு. தண்ணீருக்குள் நடந்து வந்திருக்கிறாள்.

"மதினி, இதுல ரெண்டு கங்கு போடுங்க. யாருக்கும் தெரியாது."

"நெருப்புத் தர மாட்டேன்."

"பிள்ளை நேத்துலருந்து சாப்பிடல மதினி."

"சோறு தாரேன். உக்காந்து சாப்பிட்டுப் போ."

மெய்யக்காவுக்குப் புரிந்தது. சாப்பிட்டால் அவளும் விலக்கு.

"தெரிஞ்சு சாப்பிடு" என்றாள் இருளாயி. "உள்ள எம்புருசன் கெடக்காரு."

"ஆத்தாடி. பொணத்தப் போட்டுக்கிட்டா அடுப்பெரிக்கிறீக?"

"அடுப்ப அவிச்சா எந்திரிச்சு வந்துருவாரா?"

பிள்ளை பானையைப் பார்த்தது. அது எந்தக் கட்டைக் கண்டது. மெய்யக்கா உட்கார்ந்துவிட்டாள். இருளாயி கஞ்சி ஊற்றினாள். உப்பு வைத்தாள், வெங்காயம் வைத்தாள். "ஊதிக் குடு, வாய் வெந்துரும்" என்றாள். பிள்ளை குடித்தது. அப்புறம் தாயும் குடித்தாள். அவள் குடித்ததைத் திடலில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு யாரைத் தடுப்பது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துத் தண்ணீரில் இறங்கினார்கள். பெண்கள் வந்தார்கள், கிழவர்கள் வந்தார்கள், அம்பலத்தின் வாசலில் சிரித்தவனும் வந்தான். ஒவ்வொருவரிடமும் அவள் சொன்னாள். "உள்ள எம்புருசன் கெடக்காரு. தெரிஞ்சு சாப்பிடு." ஒவ்வொருவரும் தெரிந்துதான் சாப்பிட்டார்கள். கை கழுவித் துடைக்க உலர்ந்த துணி இல்லை. அவள் இடுப்புச் சாக்கைத்தான் நீட்டினாள்.

கடைசியில் அம்பலம் வந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு, நனைந்துகொண்டு.

"எவன் எவன் இங்க கை நனைச்சது?"

எல்லார் கையும் ஈரம்.

"நனைச்சவன் விலக்கு. நான் போட்ட கட்டு போட்டதுதான்."

இருளாயி அடுப்பை விட்டு எழுந்தாள். "சரி பெரியய்யா. அப்ப ஊருன்னு நீங்க ஒருத்தருதான் மிச்சம். நாங்க எல்லாம் விலக்கு. விலக்குக்காரங்க பொணத்த விலக்குக்காரங்க தூக்கிக்கிறோம். ஊரு ஒதுங்கி நிக்கட்டும்."

ஒரு அகப்பை கஞ்சி அள்ளி அவருக்கும் நீட்டினாளாம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் எழுந்தவன் மெய்யக்காவின் புருஷன். அம்பலம் பெற்ற மகன். குடிசைக் கதவைக் கழற்றினான். அதன்மேல் சேவுகனைக் கிடத்தினார்கள். அவன் முன்னால் ஒரு தோள் கொடுத்தான். அன்றைக்குச் சிரித்தவன் ஒரு தோள் கொடுத்தான். இன்னும் இரண்டு பேர். நாலு தோள். மேட்டுக்குப் பின்னால், பிள்ளைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை.

தண்ணீர் வடிந்தது. ஊர் திரும்பியது. அம்பலம் தன் கட்டை விடவில்லை. மகன் கை நனைத்தவன், மருமகள் கை நனைத்தவள். அவர்கள் சமைத்ததைத் தொட முடியுமா? தனியே இருந்து தானே பொங்கினார். ஊரை ஆளத் தெரிந்தவருக்கு உலை வைக்கத் தெரியவில்லை. ஒரு நாள் தீய்ந்தது, ஒரு நாள் வேகவில்லை. மெய்யக்கா வாசலில் சோற்றை வைத்துவிட்டு அழுவாளாம். "எடுத்துக்கிட்டுப் போத்தா" என்பாராம். வேகாத வரகைத் தின்று தின்று வயிற்றுப்போக்குக் கண்டது. தை பிறக்குமுன் போய்விட்டார்.

இப்போது அவரைத் தூக்க வேண்டும். மகனுக்கு முன்னே வரத் தைரியமில்லை. "உசிரோட இருக்கையில எங்கையால ஒரு வாய் வாங்கல. இப்பத் தொட்டா அவருக்கு ஆகுமா" என்றான். அவனுக்குப் பின்னால் ஒருவன், "அவரையே எந்திரிச்சு வந்து விழச் சொல்லு" என்றான். சிலர் சிரித்தார்கள்.

மேட்டிலிருந்து இருளாயி இறங்கி வந்தாள். இடுப்பில் சாக்கு. நேரே அவர் அடுப்படிக்குப் போனாள். தீய்ந்த பானை, சாம்பல் குவியல், எலிப் புழுக்கை. பெருக்கினாள். பானையைத் தேய்த்தாள். அடி தெரிகிற வரைக்கும் தேய்த்தாள். அப்புறம் அவர் வீட்டு வரகை எடுத்து உலை வைத்தாள். பிணம் கூடத்தில் கிடந்தது. அவள் கஞ்சி காய்ச்சினாள்.

"இது அவரு வீட்டுக் கஞ்சி" என்றாள். "கை நனைங்க. நனைச்சவன் அவரு வீட்டாளு. வந்து தூக்கு."

மெய்யக்கா கிட்டே வந்து கேட்டாளாம். "மனசு ஆறிருச்சா மதினி?"

"ஆறல."

"பின்ன?"

"மனசு ஆறலேன்னா பொணம் கெடக்கணுமா? அடுப்பப் பாரு, பொங்குது."

குடித்தார்கள். தூக்கினார்கள்.

அவள் மேட்டிலேயே இருந்து செத்தாள். ஊருக்குள் வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், வரவில்லை. அந்த மேட்டுக்குச் சாக்குக்காரி மேடு என்று பேர்.

நத்தையேந்தலில் சாவு விழுந்தால் இன்றைக்கும் அடுப்பை அவிப்பதில்லை. அந்த வீட்டுப் பெண் ஒருத்தி இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு வரகுக் கஞ்சி காய்ச்சுவாள். பாடை தூக்குகிறவன் ஒரு வாய் குடித்து, அந்தச் சாக்கில் கையைத் துடைத்துவிட்டுத்தான் தோள் கொடுக்க வேண்டும். பகையாளி வீடானாலும் அப்படித்தான். வெளியூர்ச் சம்பந்தக்காரர்கள் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். மற்ற ஊரில் நேரம் ஆச்சா என்று கேட்டுப் பிணத்தை எடுக்கிறார்கள். இங்கே கஞ்சி ஆச்சா என்று கேட்டு எடுக்கிறார்கள்.