நிருஜாவின் இருபத்தேழு கிராம்

தலைமை தாங்கும் கிராம அலுவலர் அவர்களே, மேடையிலிருக்கும் பெரியோர்களே, முன்வரிசைக் கதிரையில் அமர்ந்திருக்கும் அமரரின் துணைவியார் சறோஜினிதேவி அக்கா அவர்களே, எழுவைதீவின் என் மக்களே, வணக்கம்.

அமரர் பரமலிங்கம் அவர்களைத் தபாலதிபராகவே நீங்கள் அறிவீர்கள். ஓய்வு பெற்ற பின் ஆறு ஆண்டுகள், மாலை நான்கு மணிக்கு, நமது வாசிகசாலையில் நானும் அவரும் பிள்ளைகளின் வீட்டுவேலைக்கு உதவினோம். எனக்குத் தமிழும் வரலாறும். அவருக்கு விஞ்ஞானம். அவர் விஞ்ஞானம் படித்தவரா? இல்லை. பிள்ளைகளின் புத்தகத்தை முதல் நாளே இரவல் வாங்கிப் படித்துவிட்டு வருவார். இதை இன்றுதான் சபையில் சொல்கிறேன். அவர் மன்னிக்கட்டும்.

அவருடைய கடைசிக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. ஒரு லீற்றர் கரைசலில் அரை மூல் உப்பு இருக்க எத்தனை கிராம் உப்பு வேண்டும் என்பது கேள்வி. மூல் என்றால் என்னவென்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். விடை இருபத்தொன்பதே கால் கிராமாம். பதினொரு பிள்ளைகளில் பத்துப் பேர் அப்படியே எழுதினார்கள். நிருஜா மட்டும் இருபத்தேழு என்று எழுதினாள். ஏன் என்று கேட்டார்.

“எங்கட கிணத்துத் தண்ணியிலை ஏற்கெனவே உப்புக் கிடக்குத்தானே ஐயா. அதைக் குத்துமதிப்பாக் கழிச்சனான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பரமலிங்கம் சிரிக்கவில்லை. காய்ச்சி வடித்த நீரை வைத்துத்தான் கணக்கு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஒரு பிழை போட்டால் முடிகிற விஷயம். ஏன் போடவில்லை? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவள் விடை எழுதிய கொப்பியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, “வியாழக்கிழமை சொல்லுறன் பிள்ளை” என்றார்.

மறுநாள் அவள் வீட்டுக் கிணற்றில் ஒரு லீற்றர் அளந்து வாங்கி, தம் குசினி அடுப்பில் வற்றக் காய்ச்சினாராம். அடியில் படிந்ததைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்தாராம். ஊர்காவற்றுறையில் நகை நிறுக்கும் தராசில் அதை நிறுத்துப் பார்க்க, வியாழன் காலை இறங்குதுறைக்கு வந்தார். படகு வருமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

நான் ஓடிப் போனபோது மூச்சில்லை. சட்டைப் பையில் மடித்த காகிதம், உள்ளே வெள்ளைத் தூள். அவர் சைவப் பழம் அல்லவா? திருநீறு என்று நினைத்தேன். நெற்றி நிறையப் பூசினேன். மிஞ்சியதை மார்பிலும் கைகளிலும் பூசினேன். எட்டாம் நாள், எட்டுச் செலவன்றுதான் அக்கா கேட்டார்: “தம்பி, இவர் காய்ச்சின உப்புப் பொட்டலம் எங்கை?”

சபையோரே, நான் என்ன செய்துவிட்டேன்! அந்தப் பிள்ளையின் விடையை அவர் உடம்போடு சேர்த்தல்லவா எரித்துவிட்டேன்!

கொப்பி என்னிடம் இருக்கிறது. அதில் சரியும் இல்லை, பிழையும் இல்லை. பிள்ளைகளின் சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். நாங்கள் சிரித்த நாளிலிருந்து நிருஜா வாசிகசாலைப் பக்கம் வரவில்லை. இன்று வந்திருக்கிறாள், கடைசி வரிசையில்.

பிள்ளை நிருஜா, பரீட்சையில் இருபத்தொன்பதே கால் என்றே எழுதும். ஆனால் அவர் உமக்கு ஒரு வாக்குக் கொடுத்தவர். அதை இந்தச் சபையின் முன் நான் ஏற்கிறேன். நாளை நான்கு மணிக்கு உமது கிணற்றில் ஒரு லீற்றர் அள்ளிக்கொண்டு வாரும். சிரித்தவர்கள் அடுப்பு மூட்டுவோம், முதல் ஆள் நான். பொட்டலத்தின் மேல் ‘உப்பு’ என்று பெரிதாக எழுதி, நிறுக்க நானே படகேறுவேன். விஞ்ஞானக் கதிரையும் இனி வெறுமையாக இராது. எனக்குத் தெரியாததை உங்களோடு இருந்து படிப்பேன்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. நிறை தெரிந்ததும், அதைப் பரமலிங்கத்திடம் சொல்ல என் கால் தன்பாட்டில் கிளம்பும். அப்போது நான் எங்கே போவேன்?