பச்சைக்கல் வளையல்

கை கழுவுவதை இந்த மாகாணத்தில் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர் யாரும் இல்லை, ஐயா. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. ஆஸ்பத்திரிச் சுவரொட்டிகளில் நுரையோடு இருப்பவை என் கைகள்தான். மணிக்கட்டோடு படத்தை வெட்டிவிட்டார்கள். வளையல் தெரியக் கூடாதாம்.

ஒரே பச்சைக்கல்லில் குடைந்தது, கல்யாணத்தன்று மாமியார் சோப்பு தடவி ஏற்றிவிட்ட வளையல் இது. எங்கள் மேக்கோங் ஆற்றுப் பக்கத்தில் பச்சைக்கல் பெண்ணைக் காக்கும். அறுத்தாலோ, அதுவரை அது தடுத்த கேடெல்லாம் மொத்தமாகத் திரும்பி வரும் என்பார்கள். பிறகு நான் உண்டு கொழுத்தேன், அது இறங்க மறுத்துவிட்டது. நான் தொற்றுத் தடுப்புப் பிரிவின் தலைமைச் செவிலி. மற்றவர்களின் மோதிரங்களை மட்டும் தவறாமல் கழற்ற வைப்பேன். சட்டம் சட்டம்தானே.

பச்சிளங்குழந்தைகள் வார்டில் காய்ச்சல் பரவியது. டாக்டர்கள் ஏற்றிய மருந்து எதற்கும் அது மசியவில்லை. பூட்டி வைத்திருந்த கடைசி மருந்தைக்கூடக் கிருமி காலைக் கஞ்சி போலக் குடித்துவிட்டது. அதை மட்டும் குறை சொல்வானேன்? இங்கே மூக்கு ஒழுகினாலே மருந்துக்கடையில் நாலு நிற மாத்திரையைக் கலந்து பொட்டலம் கட்டித் தருவார்கள். காய்ச்சல் விட்டதும் மீதியைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்வோம். ஊரே கூடி ஊட்டி வளர்த்த கிருமி அது. இரண்டு குழந்தைகள் இறந்தன.

எல்லோருடைய கையையும் சோதிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் ட்ரின் என்ற செவிலி. பஞ்சுக்குச்சியோடு என்னிடமும் வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வளையலுக்கு அடியிலயும் ஒரு தடவ தேச்சுக்கிறேன்."

"தேச்சுக்கோடி. தங்கம் கெடச்சா எனக்குப் பாதி," என்றேன். வார்டே சிரித்தது.

ஆய்வுக்கூடத்திலிருந்து எந்தச் செய்தியும் முதலில் எனக்குத்தான் வரும், பதவி அப்படி. அங்கே வேலை பார்க்கும் ஹாவ் தொலைபேசியில் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"கொழந்தைங்ககிட்ட இருந்த அதே கிருமி ஒரே ஒரு குச்சியிலதான் இருக்கு. அதுல... உங்க பேரு இருக்குக்கா."

"பேரு மாறிப்போச்சுப்பா. அது ட்ரினோடது."

அவருக்கு அப்பாடா என்று இருந்திருக்கும். வேலியே பயிரை மேய்ந்தது என்று மேலே போய்ச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ட்ரினை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் கழுவினேனே அக்கா என்று அழுதாள். மனசைத் தேற்றிக்கொள், அடுத்த இடத்தில் சரியாகக் கழுவு என்று ஆறுதல் சொன்னேன். அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

அவள் போன பிறகும் கிருமி போகாததால்தானே நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள்.

அந்த வார்டில் காய்ச்சலே அண்டாத குழந்தை ஒன்று இருந்தது. சந்தையில் வாத்து முட்டை விற்கும் மீ என்பவளின் மகன். பேய்க்கண் படாமலிருக்க அவனை 'நாய்க்குட்டி' என்றே கூப்பிடுவாள். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் சந்தோஷத்தில் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இத்தன வருஷம் உங்களக் காத்த கல்லு. என் நாய்க்குட்டி நெஞ்சுல ஒரே ஒரு தடவ வெச்சு எடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முதலில் கைகளைக் கழுவிக்கொண்டேன், சுவரொட்டியில் இருப்பது போலவே. பிறகு வளையலை அவன் நெஞ்சில் வைத்தேன். அவன் வாயால் தேடி அதைச் சப்பினான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது, ஐயா. அவன் வீட்டுக்குப் போகவில்லை.

ஹாவ் சொன்ன பிறகா, அதற்கு முன்பா என்று கேட்கிறீர்கள். பிறகுதான். தெரிந்துதான் வைத்தேன். மாட்டேன் என்றிருந்தால், ஏன் என்று கேட்டிருப்பாளே.